2,499 ரூபாய் ஜிபிஎஸ் வாட்சும் போலீஸ் கட்டிவிட்ட பட்டையும்

குழந்தைக்கு ஜிபிஎஸ் வாட்ச் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் ஸ்கூல் வேன் எங்கே வருகிறது என்று பார்க்கத்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலையாமல் இருக்க என்றால் வேண்டாம். நான் அதற்குத்தான் வாங்கினேன், காணும் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், ஆன்லைனில், 2,499 ரூபாய்க்கு.

பிராண்ட் பெயர் போடவில்லை, போட்டும் பிரயோஜனம் இல்லை, இந்த விலையில் வருவதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான். பெட்டியில் வாட்ச், சார்ஜர், எறும்பு எழுத்தில் ஒரு காகிதம், அவ்வளவுதான். சிம் கார்டு நாம்தான் வாங்கிப் போட வேண்டும், அதற்கு மாதாமாதம் ரீசார்ஜ் தனி. இதை விளம்பரத்தில் எங்கோ அடியில் போட்டிருந்தார்கள். வீட்டில் சோதித்தபோது நன்றாகவே வேலை செய்தது. பாப்பா தெருமுனைக் கடைக்குப் போனால் போனில் சிவப்புப் புள்ளியும் கூடவே போனது. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

மெரினாவில் மதியம் மூன்றரைக்கு ஆப்பைத் திறந்தேன். பாப்பா என் தோளில் உட்கார்ந்து என் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள், ஆப் அவள் திருவல்லிக்கேணி ஹைரோட்டில் நிற்பதாகச் சொல்கிறது. நாங்கள் அந்த வழியாக வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. காரணம் சிக்கலானது இல்லை. சாட்டிலைட் சிக்னலை வாட்ச் வாங்கிக்கொள்ளும், ஆனால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று நமக்குத் தகவல் அனுப்ப அதற்கு மொபைல் டவர் வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் ஒரே மணலில் நின்று வீடியோ அனுப்பிக்கொண்டிருக்கும்போது இதன் குரல் எங்கே கேட்கும்? கடைசியாகத் தகவல் வந்துசேர்ந்தபோது இருந்த இடத்தையே புள்ளி காட்டிக்கொண்டிருக்கும். பழைய தகவல் என்று ஒரு எச்சரிக்கை கூடக் கிடையாது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

சரி, தொலைந்தது பாப்பா இல்லை. எங்கள் பெரியம்மா.

அவருக்கு 72 வயது, இரண்டு வருடமாக மறதி நோய். முகம் தெரியும், பேர் வராது, வீடு எங்கே என்று கேட்டால் சின்ன வயதில் இருந்த ஊரைச் சொல்வார். ஆனால் கடற்கரை என்றால் முதல் ஆளாகப் புடவை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மணலில் அதிகம் நடக்க முடியாது என்பதால் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக 2022இல் போட்ட அந்த 263 மீட்டர் பாதைக்குப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்தோம்.

மணலில் இறங்கும் இடத்தில் ஒரு பெண் காவலர் குழந்தைகளுக்குக் கையில் பட்டை கட்டி, பெற்றோர் போன் நம்பரை எழுதிக்கொண்டிருந்தார். காணும் பொங்கலுக்கு வருகிறவர்களுக்கு இது புதிது இல்லை. பாப்பாவுக்குக் கட்டியதும், "மேடம், இவங்களுக்கும் ஒண்ணு" என்று பெரியம்மாவைக் காட்டினேன். "எனக்கு எதுக்குடா, நான் என்ன பச்சப்புள்ளயா" என்று பெரியம்மா கையை உதறினார். காவலர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல், "வளையல்மா, பொங்கல் வளையல்" என்று சொல்லி, தங்க வளையலுக்குப் பின்னால், பிடுங்க எட்டாதபடி இறுக்கமும் தளர்வுமாகக் கட்டிவிட்டார். பால் பாயின்ட் பேனா. இதைக் கவனித்து வைத்தேன், ஏனென்றால் போன வருடம் ஜெல் பேனாவில் நானே எழுதிக் கட்டிய நம்பர் வியர்வையில் நீல மையாகக் கரைந்துபோனது.

ஐந்தரை மணிக்கு நான் பஜ்ஜி வாங்கப் போனேன், மனைவி பாப்பாவை ராட்டினத்துக்குக் கூட்டிப்போனாள். பெரியம்மா அவளோடு இருக்கிறார் என்று நான் நினைத்தேன், என்னோடு என்று அவள் நினைத்தாள். திரும்பி வந்தால் ஜமுக்காளத்தில் செருப்பு மட்டும் இருக்கிறது. கடல் ஓரம் சவுக்குக் கட்டைத் தடுப்பு இருந்ததால் தண்ணீர் பயம் கொஞ்சம் குறைவு, இருந்தாலும் வயிறு கலங்கிவிட்டது. அவசர எண் 112க்கு அடித்தேன், போகவில்லை. மனைவிக்கு அடித்தேன், அவள் பத்தடி தள்ளி நிற்கிறாள், அதுவும் போகவில்லை.

25 நிமிடம் கழித்து மைக்கில் அறிவிப்பு. "பச்சைப் புடவை, காலில் செருப்பில்லாத அம்மா, கையில் 42 என்று முடிகிற நம்பர்." கலங்கரை விளக்கம் பக்கத்து உதவி மையத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுண்டல் விற்கிற பையன்தான் கையில் பட்டையைப் பார்த்து அழைத்து வந்திருக்கிறான். என் நம்பருக்கு நான்கு தடவை அடித்தார்களாம், எனக்கு ஒன்றும் வரவில்லை. ஆக, அந்த நம்பர் போன் அடிக்கப் பயன்படவில்லை, மைக்கில் படிக்கப் பயன்பட்டது.

இதற்கப்புறம் சில வேலைகள் செய்கிறோம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது எல்லோரையும் நிற்கவைத்து ஒரு போட்டோ, அன்றைக்கு யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று தெரிய. பட்டையில் இரண்டு நம்பர், பேர் மட்டும் வெளியே தெரியக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் எந்தக் குழந்தையும் யார் பின்னாலும் போய்விடும். தொலைந்தால் போனை நம்பாமல் நேராக உதவி மையத்துக்கு வரவேண்டும் என்று முன்கூட்டியே பேச்சு. பெரியம்மாவை யார் பார்ப்பது என்று நேரம் போட்டு, கைமாற்றும்போது வாய்விட்டுச் சொல்கிறோம், "இனி உன் பொறுப்பு" என்று. உதவி எண்கள் 1098 குழந்தைகளுக்கு, 14567 முதியோருக்கு, இரண்டையும் போனில் போட்டு வையுங்கள், அந்த இடத்தில் லைன் கிடைக்காவிட்டாலும் வீடு திரும்பிய பின் தேவைப்படலாம்.

புளூடூத் டேக், அதாவது பொருள் தொலையாமல் இருக்க மாட்டிவைக்கிற சின்ன வில்லை, அதைப் பற்றிக் கேட்பீர்கள். அது பக்கத்தில் இருக்கிற அடுத்தவர் போன் வழியாகத்தான் இடம் சொல்கிறது, அந்தப் போனுக்கும் நெட் வேண்டும், கதை அதேதான். அதோடு பெரும்பாலும் உள்ளே இருப்பது பட்டன் பேட்டரி, சின்னக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடும். மூடி திருகாணி போட்டதா என்று பார்க்காமல் எதையும் குழந்தை கழுத்தில் மாட்டாதீர்கள்.

வாட்சுக்கு 5க்கு 2 கொடுக்கிறேன். அந்த 2 ஸ்கூல் வேனுக்காக. பட்டைக்கு 5. பெரியம்மா அதை மூன்று நாள் கழற்ற விடவில்லை, "போலீஸ்காரப் பொண்ணு போட்டது" என்று தெருவில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார், கடைசியில் குளிக்கும்போது அதுவாகவே பிய்ந்து விழுந்தது.