ப்ரீஆம்ப் வாங்குவதா, ஆன்டெனாவை மாற்றுவதா?

தூரத்து நிலையம் மங்கலாகக் கேட்டால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஆன்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் நடுவே சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்தான். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் ட்யூன் செய்து, வெளி ஆன்டெனாவின் பின்னைக் கழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கினால் அது ரேடியோவுக்குள் பிறந்ததல்ல, ஆன்டெனா கொண்டுவந்தது. அப்புறம் ப்ரீஆம்ப் என்ன செய்யும்? 20 டெசிபெல் கூட்டினால் நிலையமும் 20 ஏறும், இரைச்சலும் 20 ஏறும். சிக்னல் மீட்டர் மூன்று படி தாவும், காதுக்கு ஒரு சொல்கூடக் கூடுதலாகப் புரியாது. மீட்டர் ஏறுவதைப் பார்க்கவே வாங்குகிறவர்களும் உண்டு, அது வேறு கதை!

மத்திய அலையிலும், சிற்றலையில் 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழேயும் பெரும்பாலும் இதே நிலைதான். 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெளி இரைச்சல் குறைவு. அங்கே குட்டையான ஒயர் வைத்திருப்பவருக்கு ப்ரீஆம்ப் உண்மையிலேயே கைகொடுக்கும்.

கெடுதலும் உண்டு. எல்லா அலைவரிசைகளையும் ஒன்றாகப் பெருக்கும் ப்ரீஆம்ப், பக்கத்து மத்திய அலை நிலையத்தையும் சேர்த்தே ஊதிப் பெரிதாக்கும். வலுவான நிலையங்கள் உள்ளே ஒன்றோடொன்று கலந்து, இல்லாத இடங்களில் எல்லாம் பேசத் தொடங்கும். 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். (நிலையத்தை ரேடியோ உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை) உள்ள எளிய செட்டில் ஒரே சிற்றலை நிலையம், அதன் இரு மடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இன்னொரு முறை கேட்பதும் இதனால் மோசமாகும். இந்தப் பேய்களுக்கு மருந்து ப்ரீசெலக்டர். வேண்டிய பகுதியை மட்டும் உள்ளே விடும். நிலையம் மாற்றும்போதெல்லாம் அதையும் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் சிரமம்.

மத்திய அலைக்கு என் ஓட்டு ட்யூன்ட் லூப்புக்கு, அதாவது வேண்டிய நிலையத்துக்கு ட்யூன் செய்யக்கூடிய கம்பிச்சுருள் ஆன்டெனாவுக்கு. மரச்சட்டத்தில் சுமார் 240 மைக்ரோஹென்றி வருமளவு கம்பி சுற்றி, 365 பிக்கோஃபாரட் கேங் கண்டென்சரை (ட்யூன் செய்யத் திருப்பும் கண்டென்சர்) இணைத்தால் போதும். கரண்டும் வேண்டாம், ரேடியோவோடு ஒயர் இணைப்பும் வேண்டாம். உள்ளே ஃபெரைட் ராடு (மத்திய அலைக்கான உள் ஆன்டெனா) இருக்கிற ரேடியோவைச் சட்டத்துக்கு அருகில், ராடு லூப்பின் அச்சோடு, அதாவது அதன் தட்டையான முகத்துக்குச் செங்குத்தான கோட்டோடு, இணையாக வரும்படி வையுங்கள். கேங்கை மெல்லத் திருப்பினால், ஓர் இடத்தில் நிலையம் குபீரென்று எழும்பும். சற்றே தாண்டினால் போய்விடும், விரலுக்குப் பொறுமை வேண்டும். பிறகு சட்டத்தையும் ரேடியோவையும் சேர்த்துத் திருப்புங்கள். லூப்பின் தட்டையான முகம் எல்.ஈ.டி. பல்பின் பக்கம் பார்க்கும்போது அதன் கரகரப்பு விழுந்துவிடும். எந்த ப்ரீஆம்பும் இதைச் செய்யாது.

சிற்றலைக்கு ஆக்டிவ் லூப். இதிலும் பெருக்கி உண்டு, ஆனால் தேவையான இடத்தில் உண்டு: சின்ன லூப் தரும் சிக்னல் மிகக் குறைவு, பெருக்காவிட்டால் ரேடியோவின் சொந்த இரைச்சலில் மூழ்கிவிடும். சுவரிலிருந்து முடிந்த மட்டும் தள்ளி, வெளியே வையுங்கள். மின்சாரம் கொடுக்க ஃபோன் சார்ஜரை மட்டும் செருகிவிடாதீர்கள். லூப்பை வெளியே வைத்து நாம் தப்பித்த வீட்டு இரைச்சல் அந்த ஒயர் வழியாகவே திரும்ப வந்துவிடும். பேட்டரி போதும்.