பழைய விறகடுப்பு வாங்கலாமா? மூன்று அடுப்புகள், மூன்று புகைபோக்கிகள்

ஒன்ராறியோவில் நகரத்தை விட்டுத் தள்ளி வீடு வாங்கும் நம்மவர்களுக்கு முதல் குளிர்காலத்திலேயே விறகடுப்பு ஆசை வந்துவிடுகிறது. நியாயமான ஆசைதான். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோ நகரிலேயே ஏறக்குறைய மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. 2025 மார்ச் இறுதியில் ஒறில்லியா, பீற்றர்பரோ பக்கத்து மக்கள் பல நாள் இருட்டில் இருந்தார்கள். வீட்டில் சூடாக்க எரிவாயு பேர்னஸ் இருந்தாலும் அதன் காற்றாடி மின்சாரம் இல்லாமல் சுழலாது. அழுத்திய மரத்தூள் உருண்டைகளை எரிக்கும் பெலட் அடுப்புக்கும் மின்சாரம் வேண்டும். சாதாரண விறகடுப்புக்கு விறகும் தீப்பெட்டியும் போதும்.

ஆசை வந்ததும் புதிய அடுப்பின் விலையைப் பார்ப்போம், பார்த்த கையோடு பழைய சாமான் விளம்பரங்களுக்குப் போவோம். அங்கே இருப்பவை இரண்டு வகை: 1970கள், 80களின் சான்றில்லாத கனத்த இரும்பு அடுப்பு, 90களுக்குப் பின் வந்த, சோதனையில் தேறியதற்கான சான்றுத் தகடு பதித்த அடுப்பு. மூன்றாவது, கடையில் இருக்கும் புத்தம் புதியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகடு படிக்கும் நிலையில் உள்ள பழைய அடுப்பை வாங்கலாம். தகடு இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வட அமெரிக்காவில் விறகடுப்புகள் வேகமாகப் பரவின. கதவை இறுக மூடி, காற்றைக் குறைத்துவிட்டால் இரவு முழுக்கத் தணல் நிற்கும் என்பதுதான் அக்கால அடுப்புகளின் பெருமை. அந்தப் பெருமைதான் ஆபத்தும்கூட. காற்றுப் போதாமல் புகையும் விறகிலிருந்து எரியாத வாயுக்கள் மேலே போய், குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் தார் போலப் படிகின்றன. இதைத்தான் கிரியோசோட் என்கிறார்கள். ஒருநாள் நல்ல காய்ந்த விறகைப் போட்டுக் காற்றைத் திறந்துவிடும்போது அந்தப் படிவு பற்றிக்கொண்டால், புகைபோக்கிக்குள் வெப்பம் 1,100 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடும்.

சான்று பெற்ற அடுப்பு வேறு விதமாக வேலை செய்கிறது. உள்ளே மேற்பகுதியில் ஒரு தடுப்புத் தட்டும், அதன் கீழ் துளையிட்ட காற்றுக் குழாய்களும் இருக்கும். புகை 600 பாகை அளவில் சூடான காற்றைச் சந்திக்கும்போது புகையே எரிகிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் விறகுக்கு மேலே, அந்தரத்தில் சுவாலை ஆடுவது தெரியும். வினையூக்கி வைத்த அடுப்புகளில் இதே வேலை 260 பாகையிலேயே தொடங்கும். ஆனால் வினையூக்கி தேய்ந்துபோகும் பொருள், மாற்றச் செலவும் அதிகம். பழையதாக வாங்குகிறவர்கள் வினையூக்கி இல்லாததைத் தேடுவதே நல்லது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1988 விதிகள், வினையூக்கி இல்லாத அடுப்பு மணிக்கு 7.5 கிராமுக்கு மேல் புகைத்துகள் விடக்கூடாது என்றன. 2020இல் அந்த எல்லை 2 கிராமாக இறங்கியது. எனவே புகை விஷயத்தில் புதிய அடுப்பு மேல் என்பதில் சந்தேகமில்லை. நகர விதியும் குறுக்கே வரலாம்: மொன்றியல் நகரில் 2018 அக்டோபர் முதல் 2.5 கிராமைத் தாண்டும் அடுப்பைச் சாதாரண நாட்களில் எரிக்க முடியாது, நீண்ட மின்வெட்டின்போது மட்டுமே விலக்கு. அப்படி விதி இல்லாத ஊரில், 90களின் சான்றுள்ள அடுப்பு ஒழுங்காக இருந்தால் அதை வாங்கி, மிச்சப் பணத்தைப் புகைபோக்கியில் போடுங்கள் என்றே சொல்வேன்.

அந்தத் தகட்டில் அப்படி என்ன இருக்கிறது? கனடாவில் யு.எல்.சி. எஸ்627 என்ற தரத்தின்படி சோதித்ததற்கான குறிப்பும், சுவரிலிருந்து எத்தனை தூரத்தில் வைக்கலாம் என்ற அளவுகளும் இருக்கும். பின்சுவருக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவு, மூலைக்கு இவ்வளவு என்று தனித்தனியாக. 200, 300 மில்லிமீற்றர் போதும் என்று சொல்லும் அடுப்புகள் உண்டு. தகடு இல்லையென்றால் சி.எஸ்.ஏ. பி365 என்ற நிறுவல் விதி, பக்கங்களிலும் பின்னாலும் எரியக்கூடிய எதற்கும் 1,200 மில்லிமீற்றர் இடைவெளி கேட்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 600 மில்லிமீற்றர் அகல அடுப்புக்கு இரு பக்கமும் 1,200 விட்டால், அடுப்புக்கு மட்டும் 3 மீற்றர் அகலம் போய்விடுகிறது. சின்ன ஹோலில் அடுப்பு நடு அறைக்கு வந்து நிற்கும்.

நண்பர் ஒருவருக்காகப் பார்க்கப்போன அடுப்பு இந்த விஷயத்தில் நல்ல உதாரணம். முன்பக்கம் பளபளவென்று இருந்தது. பின்பக்கத்தையும் விற்பவர் கறுப்புப் பெயின்ட் அடித்து அழகாக்கியிருந்தார். தகடு பெயின்டுக்கு அடியில். விரலால் தடவினால் எழுத்து தட்டுப்பட்டதே தவிர, ஒரு எண்ணையும் படிக்க முடியவில்லை. அடுப்பு பொருத்தியதைச் சரிபார்க்க வரும் பரிசோதகரைப் பொறுத்தவரை அது தகடு இல்லாத அடுப்புதான். நாங்கள் வாங்கவில்லை.

தகடு சரி என்றால் மற்றதைப் பார்க்கலாம். குளிர்ந்த அடுப்பின் கதவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால், கதவு விளிம்பில் காற்றை அடைக்கும் கயிற்றை மாற்ற வேண்டும். அது சின்னச் செலவு. உள்ளே அடுக்கிய தீச்செங்கல் வெடித்திருந்தாலும் மாற்றிவிடலாம். ஆனால் தடுப்புத் தட்டு வளைந்திருந்தால், காற்றுக் குழாய் உருகித் தொங்கினால், அந்த அடுப்பை யாரோ அளவுக்கு மீறி எரித்திருக்கிறார்கள். இருட்டில் உள்ளே டோர்ச் வைத்து மூடி, வெளியே எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தால் இணைப்பு விரிசல் காட்டிக்கொடுத்துவிடும்.

சுவர் பாதுகாப்பில் நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு: பின்னால் டைல்ஸ் ஒட்டிவிட்டால் போதும் என்று. போதாது. டைல்ஸ் எரியாது, ஆனால் வெப்பத்தைக் கடத்தும். அதற்குப் பின்னால் ஜிப்சம் பலகை, அதற்குப் பின்னால் மரச் சட்டம். வருடக்கணக்கில் சூடேறிக் கருகும் மரம், புதிய மரத்தைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும். வேலை செய்வது வேறு: சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, எரியாத தாங்கிகளில் நிறுத்திய இரும்புத் தகடு. கீழேயும் மேலேயும் திறந்திருக்க வேண்டும். இடுக்கில் காற்று ஏறிக்கொண்டே இருப்பதால் சுவர் குளிர்ந்திருக்கும். பக்கச் சுவரில் இப்படிச் செய்தால் இடைவெளியை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க விதி அனுமதிக்கிறது. தரையில் கதவுக்கு முன்னால் 450, மற்றப் பக்கங்களில் 200 மில்லிமீற்றர் வரை எரியாத தளம் வேண்டும்.

இனிப் புகைபோக்கி. அடுப்பைப் பற்றி ஒரு மாதம் யோசிக்கிறவர்கள் இதற்கு ஒரு நாள்கூடச் செலவிடுவதில்லை. தேர்வுகள் மூன்று: வீட்டில் ஏற்கெனவே உள்ள செங்கல் புகைபோக்கி, வீட்டுக்குள்ளாகவே கூரையைத் துளைத்துப் போகும் இரட்டைச் சுவர் உலோகப் புகைபோக்கி, சுவரைத் துளைத்து வெளியே ஏறும் அதே உலோகப் புகைபோக்கி.

செங்கல் புகைபோக்கியை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அது திறந்த கணப்புக்காகக் கட்டியது. 6 அங்குல வாய் கொண்ட அடுப்பின் புகை அந்தப் பெரிய குழிக்குள் போனதும் விரிந்து, குளிர்ந்து, படிந்துவிடும். உள்ளே 6 அங்குல எவர்சில்வர் குழாயை, காப்புறை சுற்றி, உச்சிவரை இறக்கினால் அது நல்ல புகைபோக்கி. உலோகத்தில், என் தேர்வு சந்தேகமில்லாமல் உள்ளே ஏறுவது. வீட்டுச் சூட்டிலேயே இருப்பதால் புகையை மேலே இழுக்கும் இழுவை நன்றாக இருக்கும், படிவும் குறைவு. கூரையைத் துளைக்கப் பயந்து பலர் வெளிச்சுவரில் ஏற்றுகிறார்கள். மைனஸ் 20இல் அது ஒரு குளிர்க் குழாய். பேஸ்மென்டில் அடுப்பு, வெளியே புகைபோக்கி என்ற சேர்க்கைதான் எல்லாவற்றிலும் மோசம்: தீ மூட்டும் முன்பே குளிர்காற்று குழாய் வழியாக வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், முதல் புகை அறைக்குத்தான் வரும்.

நம் சமையலறையையும் இங்கே சேர்க்க வேண்டும். மிளகாய் தாளிக்கும் வீடு என்று பெரிய காற்று உறிஞ்சி வைத்திருப்போம். இறுக்கமாகக் கட்டிய வீட்டில் அதை முழு வேகத்தில் போட்டால், வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடு, எளிதான வழியான புகைபோக்கி ஊடாகவே வரும், புகையோடு சேர்த்து. அடுப்பு எரியும்போது உறிஞ்சியைக் குறைத்து, பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள். கார்பன் மொனொக்சைட் அலாரம் படுக்கையறைப் பக்கத்தில் கட்டாயம். ஒன்ராறியோவில் 2026 ஜனவரி முதல் அடுப்பு உள்ள வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று கட்டாயம்.

எந்தப் புகைபோக்கியானாலும் உயரம் ஒன்றுதான்: கூரையைத் துளைக்கும் இடத்துக்கு மேல் 3 அடி, 10 அடிக்குள் உள்ள எதையும்விட 2 அடி கூடுதல். உலோகக் குழாய் எஸ்629 தரத்தில், புதிதாக வாங்குங்கள். பழைய குழாய்க்குள் ஒருமுறை தீப்பிடித்திருந்தால் காப்புப்பொருள் இறங்கியிருக்கும், உள்சுவர் நெளிந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

காசு கொடுக்கும் முன் இரண்டு அழைப்புகள். காப்புறுதி நிறுவனத்துக்கு ஒன்று: பெரும்பாலும் ‘வெட்’ (WETT, விறகடுப்புத் தொழிலாளருக்குப் பயிற்சியும் சான்றும் தரும் கனடிய அமைப்பு) சான்று பெற்ற பரிசோதகரின் அறிக்கை கேட்பார்கள். நகராட்சிக்கு ஒன்று: ஒன்ராறியோவில் விறகடுப்பு பொருத்தக் கட்டட அனுமதி வேண்டும். முடிந்தால் தகட்டின் படத்தைப் பரிசோதகருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

வாங்கிய வீட்டிலேயே அந்தப் பழைய, தகடில்லாத அடுப்பு நின்றால் அதை விளம்பரத்தில் போடாதீர்கள். கதவைக் கழற்றி, கீலை வெட்டி, பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் அது இன்னொரு வீட்டின் பேஸ்மென்டுக்குப் போகாது.