கிருஷ்ணகிரியில் ஹோம் தியேட்டர் ரிப்பேர்: 8,700 ரூபாய் போச்சு, நீங்களும் ஏமாறாதீர்கள்

நேற்று ராத்திரிதான் விஷயம் முழுசாகத் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. 8,700 ரூபாய், எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம். 2022ல் வீடு கட்டியபோது ஹாலில் ஹோம் தியேட்டர் வைத்தோம். செட்டாப் பாக்ஸும், அதிலிருந்து வரும் படத்தை டிவிக்கும் சத்தத்தை ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும் ரிசீவரும் மூலை அலமாரியில், அங்கிருந்து சுவருக்குள் பைப் விட்டு படத்தைக் கொண்டுபோகும் 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் டிவிக்கு. போன மாதம் படம் அவ்வப்போது ரெண்டு நொடி கருத்துப்போய்த் திரும்ப வந்தது, அப்புறம் ஒரு நாள் வரவே இல்லை, திரையில் 'நோ சிக்னல்'. ஆனால் ஸ்பீக்கரில் சீரியல் சத்தம் சுத்தமாகக் கேட்டது. இதை ஞாபகம் வையுங்கள்.

வீட்டுக்காரர் ஓசூரில் வேலை, வாரம் ஒரு நாள்தான் வருவார். அதனால் நானே கிருஷ்ணகிரியில் ஒரு டிவி, ஆடியோ சர்வீஸ் கடைக்குப் போன் செய்தேன். வந்தவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, மாமியாரை "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தார். மாமனாரின் ரேடியோ வயர் விட்டுப்போய் ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. தானாகவே எடுத்துப் பற்றவைத்துக் கொடுத்து, "இதுக்கெல்லாம் காசு வேணாங்க்கா" என்றார். அங்கேதான் நான் விழுந்தேன். மாமியார் ஒரு பை நிறைய செந்தூரா மாம்பழம் வேறு கொடுத்தனுப்பினார். அப்படிப்பட்ட ஆள் ரிசீவருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்து, "எச்டிஎம்ஐ போர்டு போயிடுச்சுக்கா, இடி இடிச்சா இதுதான் போகும், பெங்களூர்ல இருந்து வரணும்" என்றால் எப்படிச் சந்தேகம் வரும்? இடியில் போர்டு போவது நிஜமாகவே நடப்பதுதான், அதனால்தான் பொய் எடுபட்டது. வந்ததற்கு 500, போர்டுக்கு 6,000, வேலைக்கு 2,200. மொத்தம் 8,700 ரூபாயையும் அவருடைய சொந்த நம்பருக்கு ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "செட்டு வரும்போது சேர்த்துத் தர்றேங்க்கா" என்று சொல்லி ரிசீவரை எடுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் 19 நாள். போர்டு வண்டியில் வருகிறது, மெக்கானிக் லீவு, நாளைக்கு, நாளான்னைக்கு. கடை முதலாளியிடம் பேசினால், "சார் இருந்தா பேசச் சொல்லுங்க". பணம் என்னிடம் வாங்கும்போது சார் தேவைப்படவில்லையே! ஒருவழியாகக் கடைக்கு வரச்சொல்லி, ரிசீவரை அங்கே இருந்த டிவியில் போட்டுக் காட்டினார்கள், படம் பளிச்சென்று வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால் அதே 'நோ சிக்னல்'. போன் செய்தேன். "அப்போ டிவியில கேபிள் சொருகுற போர்ட் போயிருக்கும்கா, 14,000 ஆகும்."

நேற்று சித்தி பையன் வந்தான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. செட்டாப் பாக்ஸை டிவி பக்கத்தில் வைத்து, ஒரு மீட்டர் கேபிளில் நேராக மாட்டினான், படம் வந்தது. டிவி நல்லா இருக்கிறது. ரிசீவரையும் அங்கேயே தூக்கிவந்து அதே சின்னக் கேபிளில் மாட்டினான், அதிலும் படம் வந்தது. போனது சுவருக்குள் இருக்கிற 10 மீட்டர் கேபிள் மட்டும்தான். 4கே என்கிற ரொம்பத் துல்லியமான படத்துக்கு அவ்வளவு நீளச் செம்புக் கேபிளே தடுமாறும், நம் கேபிள் பைப் வளைவில் நசுங்கியும் இருக்கிறது, சத்தம் வந்தபோதே ரிசீவருக்குள் சிக்னல் வந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்றான். பிறகு ரிசீவரைத் திருப்பிக் காட்டினான். பின்பக்க ஸ்க்ரூ மேல் கம்பெனி ஒட்டிய வாரண்டி ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே இருக்கிறது. திறக்கவே இல்லை! எந்தப் போர்டுக்கு 6,000 ரூபாய் வாங்கினார்கள்?

இப்போது போனை எடுப்பதே இல்லை. இன்று காலை நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிந்துவிட்டேன்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு இதுதான். படம் போனால் யாரையும் கூப்பிடும் முன் பாக்ஸை சின்னக் கேபிளில் நேராக டிவியில் மாட்டிப் பாருங்கள். பில் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள், சொந்த நம்பருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். செட்டைக் கொடுக்கும் முன் சீரியல் நம்பரையும் ஸ்டிக்கரையும் போட்டோ எடுங்கள். மாற்றிய பழைய போர்டைக் கையில் கேளுங்கள்.

சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்ததும் ரெண்டு பேரும் நேரில் போகிறோம். 8,700 ரூபாய், ஒரு ரூபாய் குறையாமல் வாங்காமல் அங்கிருந்து நகர மாட்டேன்.