குழந்தைகள் சைக்கிள் பாதுகாப்பு செட்: பள்ளித் தெருவுக்கு எது உதவும், எது உதவாது

ஹெல்மெட், முழங்கால் முழங்கை உறைகள், மின்னும் பின்விளக்கு, ஒளிரும் மேலாடை, ஒரு பெல். இவற்றை ஒரே பையில் போட்டு, பாதுகாப்பு செட் என்று பல பெயர்களில் விற்கிறார்கள். மைதானத்தில் ஓட்டிப் பழகும் பிள்ளைக்கு இது போதும். பள்ளித் தெருவுக்குப் போதாது. செட்டில் பாதிப் பொருள்கள் கீழே விழுந்த பிறகு காப்பவை. பள்ளி வாசலில் ஆபத்து வரும் விதம் வேறு: ஓரமாக நிற்கும் காரின் கதவு சட்டென்று திறக்கும், பிள்ளையை இறக்கிவிட்ட வண்டி ரிவர்ஸில் வரும், பேருந்துக்கு முன்னாலிருந்து இன்னொரு பிள்ளை குறுக்கே ஓடும். அங்கே முதலில் வேண்டியது இரண்டு: பிறர் கண்ணில் படுவது, நினைத்த இடத்தில் நிற்பது. அதை வைத்துத்தான் இங்கே ஒவ்வொன்றையும் எடைபோட்டிருக்கிறோம்.

ஹெல்மெட்டிலிருந்து தொடங்கலாம். செட்டிலேயே முக்கியமான பொருள் இதுதான், ஏமாற்றம் அதிகம் வருவதும் இதில்தான். வாங்குமுன் உட்புறம் ஒட்டியுள்ள லேபிளைப் படியுங்கள். இ.என். 1078 (EN 1078) என்றோ சி.பி.எஸ்.சி. (CPSC) என்றோ தரக் குறியீடு இருக்க வேண்டும். சி.பி.எஸ்.சி. என்பது அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம்; அதன் ஹெல்மெட் விதி அங்கே 1999 மார்ச் முதல் நடப்பில் உள்ளது. அதன் சோதனையில் பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மேல் போடுகிறார்கள். தலைக்குப் போகும் அதிர்வு புவியீர்ப்பைப் போல 300 மடங்கைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவின் இ.என். 1078-இல் வரம்பு 250 மடங்கு, ஆனால் மோதும் வேகம் சற்றுக் குறைவு. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து இது உசத்தி, அது மட்டம் என்று சொல்ல முடியாது. குறியீடே இல்லாமல் பளபளப்பான பிளாஸ்டிக் ஓடும் உள்ளே மெத்தென்ற ஸ்பாஞ்சும் மட்டும் இருந்தால், அது விளையாட்டுச் சாமான்.

தலையைக் காப்பது ஸ்பாஞ்ச் அல்ல. ஓட்டுக்கு அடியில் தெர்மோகோல் போலிருக்கும் கெட்டி நுரைதான். அது நசுங்கித்தான் அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது திரும்ப எழும்பாது. அதனால் பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். அண்ணன் போட்டு விழுந்ததைத் தம்பிக்குத் தரக் கூடாது. அழகுக்காக ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதும் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் நுரையை அரித்துவிடும்.

தரமான ஹெல்மெட்டும் சரியாக உட்காராவிட்டால் பயனில்லை. புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, தலையைச் சுற்றி டேப்பால் அளந்து, லேபிளில் உள்ள சென்டிமீட்டர் அளவோடு ஒப்பிடுங்கள். 'எல்லா வயதுக்கும் ஒரே அளவு' என்று வரும் செட்டுகளை ஒதுக்கிவிடலாம். பிறகு மாட்டிப் பாருங்கள். முன் விளிம்பு புருவத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். பின்னால் தள்ளிப் போட்டால் நெற்றி வெளியே தெரியும், முன்னால் விழும்போது முதலில் அடிபடுவது அதுதான். வார் இரண்டும் காதுமடலுக்குச் சற்றுக் கீழே 'வி' வடிவில் சேர வேண்டும். தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் போதும். வாயைப் பெரிதாகத் திறக்கச் சொல்லுங்கள், ஹெல்மெட் கொஞ்சம் கீழே இழுபட்டால் இறுக்கம் சரி. உச்சியில் தூக்கிக் கட்டிய குதிரைவால் ஹெல்மெட்டை முன்னுக்குத் தள்ளும். சைக்கிள் நாளில் சடை கழுத்தருகே இருக்கட்டும்.

இன்னொன்று. சைக்கிளை விட்டு இறங்கியதும் ஹெல்மெட்டும் இறங்க வேண்டும். விளையாட்டுக் கம்பிகளில் ஏறும்போது ஹெல்மெட் இடுக்கில் மாட்டிக்கொண்டால் வார் கழுத்தை இறுக்கும். இதற்காகவே மிகச் சிறு பிள்ளைகளுக்கு இ.என். 1080 என்று தனித் தரம் வைத்திருக்கிறார்கள். அந்த ஹெல்மெட்டின் பச்சைக் கொக்கி, உடல் தொங்கும் அளவுக்கு இழுபட்டால் தானே விட்டுக்கொடுக்கும்.

பின்விளக்கு நல்ல சேர்க்கை. ஆனால் செட்டுகளில் வருவது பெரும்பாலும் காசு போன்ற பட்டன் பேட்டரியில் எரிவது. அந்த மூடி திருகாணி போட்டு மூடுவதாக இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். நகத்தால் நெம்பினாலே திறந்தால் வாங்காதீர்கள். பிள்ளை விழுங்கிய பட்டன் பேட்டரி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அடுத்து, மாட்டும் இடம். செட்டோடு வரும் படத்தில் விளக்கு சீட்டுக் கம்பியில் இருக்கும். கேரியரில் பள்ளிப் பையை வைத்தால் அது முழுதாக மறைந்துவிடும். முதுகுப் பையில் செருகினாலோ, பிள்ளை குனிந்து மிதிக்கும்போது வெளிச்சம் வானத்தைப் பார்க்கும். கேரியரின் பின்முனையோ மட்கார்டோதான் சரியான இடம்.

ஒளிரும் மேலாடைக்கும் இதே கோளாறு: முதுகுப் பை அதை மூடிவிடுகிறது. அந்த இளம்பச்சைத் துணி சூரிய ஒளியிலுள்ள புற ஊதாவை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவது. மேகமூட்டமான காலையில் அருமையாகத் தெரியும். இருட்டினால் சாதாரணத் துணிதான். இருட்டில் வேலை செய்வது அதன் சாம்பல் நிறப் பட்டை. அது விளக்கு வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பியனுப்பும். அந்தப் பட்டையைத் தனியாக வாங்கி, பையின் பின்புறத்தில் தைத்துவிடலாம். கணுக்காலுக்கும் ஒன்று கட்டுங்கள். மிதிக்க மிதிக்க மேலும் கீழும் போய்வரும் வெளிச்சத்தைக் கண்டதும், முன்னால் போவது சைக்கிள் என்று ஓட்டுநருக்கு உடனே புரியும்.

முழங்கால், முழங்கை உறைகள் பழகும் பருவத்துக்கு மட்டும். பெல்லை, பிரேக் பிடியிலிருந்து கையை எடுக்காமல் கட்டைவிரலால் அடிக்க முடிகிற இடத்தில் பொருத்துங்கள்.

செட்டில் இல்லாத ஒன்றுதான் எல்லாவற்றிலும் பெரிது: பிரேக். மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் பிள்ளை ஒரு நொடியில் 4 மீட்டர் தாண்டிவிடும். கார்க் கதவு திறக்கும்போது பிடியைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. உள்ளங்கை கைப்பிடியில் இருக்க, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரேக் பிடியை முதல் கணுவால் வளைத்துப் பிடிக்க வேண்டும். எட்டவில்லையென்றால், பல பிடிகளில் கேபிள் நுழையும் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதை உள்ளே திருகினால் பிடி கைக்கு நெருங்கி வரும். அப்படிச் செய்ததும் கேபிள் தளர்ந்துபோகும், மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். இந்த இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முழுக்க அழுத்தினாலும் பிடிக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும்.

பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே 1 முதல் 2 மில்லிமீட்டர். கட்டை மேலே ஏறி டயரில் உரசினால் டயரின் பக்கவாட்டை அறுத்து டியூபை வெடிக்க வைக்கும். கீழே இறங்கினால் ஸ்போக்ஸுக்குள் நழுவிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். கட்டையிலுள்ள பள்ளக் கோடு தேய்ந்து மறைந்திருந்தால் புதிது போடுங்கள். ரிம் இரும்பா அலுமினியமா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் மிக மோசமாக வழுக்கும், அந்த சைக்கிளை மழை நாளில் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். அலுமினியத்திலும் ஈரத்தில் முதல் சில சுற்றுகள் தண்ணீரைத் துடைப்பதிலேயே போய்விடும். ஆகவே மழையில் முன்கூட்டியே லேசாகப் பிடித்துக்கொண்டு வரப் பழக்குங்கள்.

இத்தனை பிரேக்கும் வீணாவது ஒரே காரணத்தால்தான்: 'வளர்ந்துவிடுவான்' என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிய சைக்கிள். நடுக் கம்பியின் இருபுறமும் கால் போட்டு நின்றால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். நின்றதும் கால் ஊன்ற முடியாத பிள்ளை, தெருவில் வண்டிகள் போகும் பக்கமாகவும் சாய்ந்துவிடலாம். பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டாலும் திருப்பம் இப்படித்தான் தடுமாறும், வார் முன்சக்கரத்தில் சிக்கவும் செய்யும்.

மொத்தத்தில் செட்டாக வாங்குவதைவிட ஹெல்மெட்டையும் விளக்கையும் பட்டையையும் தனித்தனியே வாங்குவது நல்லது. வாங்கப் போகும்போது பிள்ளையையும், சைக்கிளையும், புத்தகம் நிரப்பிய பள்ளிப் பையையும் சேர்த்தே கொண்டுபோங்கள். பையைக் கேரியரில் கட்டி, பிள்ளையை ஏற்றி உட்காரவைத்து, பத்தடி பின்னால் நின்று பார்த்தால்தான் விளக்கு தெரிகிறதா இல்லையா என்று தெரியும்.