கிளப்ஃபுட் பார் ஷூ ரிவ்யூ: காசு குடுத்து வாங்குனதா, கவர்மெண்ட்ல குடுத்ததா?

பிறக்கும்போதே பாதம் உள்பக்கமா மடங்கி இருக்குற குழந்தைங்களுக்கு மாவுக்கட்டு முடிஞ்சதும் நடுவுல கம்பி வச்ச ஷூ ஒண்ணு குடுப்பாங்கல்ல, அதைப் பத்தி தமிழ்ல உருப்படியா ஒண்ணும் சிக்கல, தேடித் தேடி அலுத்துப் போச்சு, அதான் எழுதறேன். என் பையனுக்கு ரெண்டு கால்லயும் கிளப்ஃபுட். ஆன்லைன்ல வாங்குனது, ஆஸ்பத்திரில குடுத்தது ரெண்டையுமே போட்டுப் பாத்தாச்சு.

ஷூவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. கால் கொஞ்சம் உள்ள திரும்பி இருந்தாலே கிளப்ஃபுட்னு பயந்துடாதீங்க. கையால லேசா திருப்புனா நேரா வந்துடுதுன்னா அது பெரும்பாலும் வயித்துக்குள்ள மடங்கிப் படுத்ததால வந்தது, போகப்போக சரியாயிடும், ஆனாலும் டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிருங்க. நிஜமான கிளப்ஃபுட்ல பாதம் வெறைப்பா இருக்கும், திருப்புனா வராது, குதிகால் மேல தூக்கிட்டு நிக்கும், உள்ளங்கால் நடுவுல ஆழமா ஒரு மடிப்பு விழுந்திருக்கும், குதிகாலைத் தொட்டா எலும்பே இல்லாத மாதிரி மெத்துன்னு இருக்கும். கிட்டத்தட்ட 1000 குழந்தைல ஒண்ணுக்கு வருது, பொம்பளப் புள்ளைங்களவிட பசங்களுக்கு ரெண்டு மடங்கு. கிரகணத்தன்னிக்கு நான் வாசலுக்கு வந்ததாலதான்னு மாமியார் கணக்கு போட்டு வச்சிருந்தாங்க, டாக்டர் அதுக்கு பதிலே சொல்லாம பையன் முதுகெலும்பையும் இடுப்பையும் நல்லா பாத்துட்டு, வேற கோளாறு எதுவும் கூட வரலன்னு முடிச்சுட்டார்.

நாங்க போனது எங்க மாவட்டத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. குழந்தைங்களோட பிறவிக் குறை, நோய் எல்லாம் கண்டுபுடிச்சு பாக்குறதுக்காக 2013ல மத்திய அரசு கொண்டு வந்த ஆர்பிஎஸ்கே திட்டத்துல கிளப்ஃபுட்டும் இருக்கு, எங்ககிட்ட ஒரு பைசா வாங்கல. பொன்செட்டி முறைதான் பண்றாங்க. அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டில இக்னேசியோ பொன்செட்டினு ஒரு டாக்டர் 1940கள் கடைசிலயே ஆரம்பிச்சது, ஆனா பெரிய ஆபரேஷன் பண்றதை விட்டுட்டு மத்த டாக்டருங்க இதுக்கு வர 1990கள் ஆயிடுச்சு. வாரா வாரம் பாதத்தை மெதுவா கையால திருப்பிப் புடிச்சு தொடை வரைக்கும் மாவுக்கட்டு, பொதுவா 5, 6 கட்டுல பாதம் வெளிப்பக்கம் வந்துடும். குழந்தை பசியா இருக்கும்போது கூட்டிட்டு வாங்க, கட்டு போடுறப்ப பால் குடுங்கன்னு சிஸ்டர் சொன்னது எனக்கு ரொம்ப புடிச்சுது, அவன் பாட்டுக்கு குடிச்சிட்டே இருந்தான். வீட்ல விரலைப் பாத்துட்டே இருக்கணும். விரல் நீலமாச்சுன்னாலோ ஜில்லுன்னு ஆச்சுன்னாலோ, கட்டு நழுவி விரல் உள்ள போயிட்டாலோ அன்னிக்கே ஓடணும். கடைசில குதிகாலுக்குப் பின்னாடி இருக்குற தசைநாணை (சதையை எலும்போட இணைக்குற நார்) சின்னதா வெட்டி விட்டு 3 வாரத்துக்கு ஒரு கட்டு, பெரும்பாலான குழந்தைங்களுக்கு இது தேவைப்படும்.

இனிமேதான் ஷூ. மொத 3 மாசம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம், அப்புறம் தூங்கும்போது மட்டும், 4 வயசு வரைக்கும். பாதம் அழகா நேராயிடுச்சே இன்னும் எதுக்குன்னு நிறுத்துறவங்களுக்குத்தான் பெரும்பாலும் திரும்ப மடங்குது, திரும்ப மாவுக்கட்டுல இருந்து ஆரம்பிக்கணும்.

ஆன்லைன்ல வாங்குனது பாக்க சூப்பர், கலர் கலரா பெல்ட்டு, மெத்துன்னு உள்துணி. ஆனா கம்பில ஸ்க்ரூ கொஞ்ச நாள்லயே லூசாகி ஷூ தானா திரும்ப ஆரம்பிச்சுது. கிளப்ஃபுட் கால் 60, 70 டிகிரி வெளிய பாக்கணும், அந்த கோணம் போச்சுன்னா ஷூ போட்டே பிரயோஜனம் இல்ல. குதிகால் வேற மேல ஏறிட்டே இருந்துச்சு, தோல் செவந்து கொப்புளம் வந்துடுச்சு. கடைக்காரங்களுக்கு போன் பண்ணா குழந்தை கால் ஷேப் சரியில்லைங்கறாங்க, அது சரியில்லாமதானய்யா ஷூவே வாங்குனோம்! விலைய சொன்னா வயித்தெரிச்சல்.

ஆஸ்பத்திரில குடுத்தது ஸ்டீன்பீக் மாடல். தோல் ஷூ, லேஸ் கட்டணும், அடில இரும்புக் கம்பி. அழகுன்னு சொல்ல மாட்டேன், மாட்டுவண்டி நுகத்தடி மாதிரி இருக்கும். ஆனா கோணம் அசையவே அசையாது. பின்னாடி ஒரு ஓட்டை வச்சிருக்காங்க பாருங்க, அதுதான் இதுல பெஸ்ட், குதிகால் கீழ உக்காந்துருக்கான்னு அது வழியா பாத்துக்கலாம். மொத ரெண்டு மூணு ராத்திரி கத்தி தீர்த்துட்டான், ஒத்தக்கால உதைக்கப் பாத்து முடியலன்னு கோவம். கம்பியப் புடிச்சு ரெண்டு முட்டியும் சேத்து மடக்கி நீட்டி விளையாட்டு காட்டுனதும் புரிஞ்சுகிட்டான். காட்டன் சாக்ஸ் சுருக்கமில்லாம போடுங்க, கம்பிக்கு துணி சுத்திருங்க, இல்லன்னா பக்கத்துல படுக்குறவங்க மூக்கு உங்க பொறுப்பு.

ஷூவுக்கு 5க்கு 4½. அரை மார்க் குறைச்சது லேஸுக்கு, தூக்கத்துல இருக்குற குழந்தைக்கு கட்டுறது பெரும்பாடு. சர்வீஸுக்கு 3தான். டாக்டரையும் சிஸ்டரையும் குறை சொல்ல ஒண்ணுமில்ல, ஆனா வாரத்துல ஒரே நாள்தான் கிளினிக், காலைல போனா மத்தியானம் ஆயிடும், அடுத்த சைஸ் ஷூ கேட்டா ஸ்டாக் இல்ல அடுத்த வாரம் வாங்கம்பாங்க. அதனால விரல் ஷூ முனையத் தாண்டி வெளிய வளைய ஆரம்பிக்கும்போதே போய் அடுத்த சைஸுக்கு பேர் குடுத்து வச்சுருங்க.