உப்புக்காற்றில் எது நிலைக்கும்: பழைய மின்விசிறியா, பிஎல்டிசி விசிறியா?

ராமநாதபுரம் மாவட்டக் கரையோரமான பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம் பக்கத்து வீடுகளில், முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சுழலும் கனத்த இரும்பு விசிறிகளை இன்றும் காணலாம். அவற்றைக் காயில் கட்டி, அதாவது மோட்டாரின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றித் தொடர்வதா, கழற்றிவிட்டுப் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின்னோட்ட மோட்டார்) விசிறிகளை மாட்டுவதா என்ற கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. கடல் பார்த்த கூடத்திலும் முன்னறையிலும் பழையவற்றையே வைத்துக்கொண்டோம். உள்ளறை ஒன்றில் மட்டும் புதியதை மாட்டினோம்.

புதிய விசிறியின் நிறைகள் எல்லோரும் அறிந்தவை. ரிமோட் உண்டு, இரைச்சல் குறைவு, மின்னழுத்தம் தாழ்ந்தாலும் வேகம் குறைவதில்லை, இன்வெர்ட்டரில் கூடுதல் நேரம் ஓடும்.

மின் செலவுக் கணக்கைத்தான் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பழைய விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் இழுக்கும். பிஎல்டிசிக்கு 30 வாட் போதும். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழையதற்கு 45 யூனிட், புதியதற்கு 18 யூனிட். மிச்சம் 27 யூனிட். ஆனால் தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், இரண்டு விசிறியும் நான்கு விளக்கும் மட்டுமுள்ள சிறிய வீட்டில் இந்த மிச்சம் பணமாகக் கைக்கு வருவது அரிது. குளிர்சாதனமும் மோட்டாரும் ஓடி, 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டின் நிலை வேறு. அந்த எல்லையைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், அங்கே ஒவ்வொரு 27 யூனிட்டுக்கும் மதிப்பு உண்டு.

எங்கள் கரையில் முடிவைத் தீர்மானிப்பது மின்கட்டணத்தைவிட உப்புதான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருப்பதற்கு, இங்கே உலோகம் அத்தனை விரைவாக அரிபடுவதே காரணம். காற்றோடு வந்து படியும் உப்புத்துகள், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரைந்து, மின்சாரம் கடத்தும் மெல்லிய ஈரப்படலமாகிவிடுகிறது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கத்து வீட்டுச் சுவர்கூட பிசுபிசுவென்றிருக்கும்.

இந்த ஈரப்படலம் எங்கே படிகிறது என்பதில்தான் இரண்டு விசிறிகளும் வேறுபடுகின்றன. பழைய விசிறிக்குள் இருப்பது எனாமல் பூசி, வார்னிஷில் தோய்த்து இறுக்கிய செம்புக் கம்பிச் சுருள். அதன் துணைக்கு ஒரு கண்டென்சர், இரண்டு பேரிங்குகள். உப்பு தொட்டுக் கெடுக்கக்கூடிய வெற்று இணைப்பு முனைகள் மிகக் குறைவு. பிஎல்டிசியிலோ, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி மோட்டாரை ஓட்டும் மின்னணுப் பலகை ஒன்று உண்டு. மயிரிழை இடைவெளியில் ஓடும் அதன் செம்புத் தடங்களுக்கும் ஈயப்பற்றுகளுக்கும் நடுவே அந்த ஈரப்படலம் பாலம் கட்டினால், கசிவு மின்னோட்டம் தொடங்கி, தடங்கள் பச்சை பூத்து அரிபடும். மோட்டார் நன்றாக இருந்தும் விசிறி நின்றுவிடும்.

அப்படி நின்றபின் என்ன செய்வது? பழைய விசிறியின் வேகம் குறைந்தால் பெரும்பாலும் கண்டென்சர்தான் காரணம், 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சர் எந்த மின்சாமான் கடையிலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சுருள் கருகினால் வைண்டிங் கடையில் கொடுத்து ஓரிரு நாளில் வாங்கிவிடலாம். பிஎல்டிசியின் பலகையை அதே நிறுவனத்திடமிருந்துதான் வரவழைக்க வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குப் பின் அந்த மாடல் நின்றுபோயிருந்தால் நல்ல மோட்டாரும் பழைய இரும்புக்குப் போகும். உள்ளூரில் கைபடக்கூடிய பொருள்தான் இங்கே நீடிக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனாலும் நான் அருகிலிருந்து பார்த்த பிஎல்டிசிகள் எல்லாம் சில ஆண்டுகளே ஓடியவை. பலகைமீது பாதுகாப்புப் பூச்சு பூசப்பட்டவை உப்பைக் கூடுதல் காலம் தாங்கக்கூடும். எங்கள் உள்ளறையில் ஓடுவது இதுவரை தொல்லை தரவில்லை. கடலுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருப்பவர்களும், காற்று நேரடியாகப் படாத அறைக்கு வாங்குபவர்களும் என் தயக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பழையதை வைத்துக்கொள்பவர்கள் காயில் கட்டக் கொடுக்கும்போது, அலுமினியம் வேண்டாம், செம்புக் கம்பிதான் வேண்டும், பழைய அளவிலேயே வேண்டும் என்று சொல்லி, கம்பியின் எடையையும் கேட்டு வாங்குங்கள். மெல்லிய கம்பி சுற்றினால் சூடேறி மறுபடி கருகும். வார்னிஷ் முழுதாகத் தோய்த்துக் காயவைத்தார்களா என்று பார்ப்பது கரையோர வீட்டுக்கு மிக அவசியம். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். குறைந்த வேகத்தில் அது மின்சாரத்தை வெப்பமாக வீணாக்கும், கண்டென்சர் வகை ரெகுலேட்டரில் அந்த இழப்பு மிகக் குறைவு.

கனத்த இரும்பு விசிறியில் நான் உண்மையிலேயே அஞ்சுவது அது தொங்கும் கொக்கியையும் ராடின் போல்ட்டையும்தான். கூரையை ஒட்டிய மேல் கப் மூடியிருப்பதால் உள்ளே ஏறும் துரு கண்ணில் படாது. ஆண்டுதோறும் வாடை தொடங்குமுன், புரட்டாசியிலேயே, மின்சாரத்தை நிறுத்திக் கப்பை இறக்கி, போல்ட்டையும் குறுக்கு ஊசியையும் மாற்றிக் கிரீஸ் தடவ வேண்டும். கூரைக் கொக்கியே அரித்து மெலிந்திருந்தால், புதிய கொக்கி பதிக்கும்வரை எந்த விசிறியையும் அதில் மாட்டக்கூடாது.