1966 எம்ஜிபி ரோட்ஸ்டரில் ஹெட்ரெஸ்ட், ரோல் பார்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 1966 மாடல் எம்ஜிபி, கூரையைத் திறந்து ஓட்டும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் உருவானது. அதன் லெதர் சீட் தோள்பட்டையோடு முடிந்துவிடும். தலைக்குப் பின்னால் வெறும் காற்றுதான். 1969 ஜனவரி முதல் புதுக் கார்களுக்கு ஹெட்ரெஸ்ட் கட்டாயம் என்று அமெரிக்கா சட்டம் போட்டதால், அங்கே போன எம்ஜிபிகளில் அது வந்தது. பின்னாலிருந்து யாராவது இடித்தால் உடம்பு சீட்டோடு முன்னே போகும், தலை பின்தங்கும். அடி மொத்தமும் கழுத்துக்கு. சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியில் ஒரு எஸ்யூவி நெருங்கி வந்தால் வயிறு கலங்கும்.

பழைய சீட்டில் ஹெட்ரெஸ்ட் கம்பியைச் செருக வழியில்லை. பட்டையால் கட்டும் தலையணை ரகம் அழகுக்குத்தான், காசு வீண். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 சீட்டுகளைப் போட்டேன். அதில் தலைப்பகுதியும் முதுகும் ஒரே துண்டு. அடியில் இருக்கும் பிராக்கெட்டை வெட்டி மாற்ற வேண்டும், உட்காரும் உயரமும் கூடிவிடும். விண்ட்ஸ்கிரீனின் மேல் சட்டம் என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. ஃபோமைக் கொஞ்சம் சீவி எடுத்ததும் சரியானது. ஹெட்ரெஸ்டின் உச்சி தலை உச்சிக்குச் சமமாக, தலைக்கும் அதற்கும் நாலு விரல் இடைவெளிக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நெடுந்தூரம் ஓட்டினால் முன்பு வரும் முதுகு வலி இப்போது இல்லை. பின்பக்கப் பார்வை கொஞ்சம் குறைந்தது, லெதர் வாசனையும் போனது.

ரோல் பார் என்பது கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் பொருத்தும் வளைந்த இரும்புக் குழாய். அதில் அவசரம் வேண்டாம். பார் உச்சியிலிருந்து விண்ட்ஸ்கிரீன் உச்சிக்கு ஒரு துடைப்பக் கம்பை வைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் ஐந்து சென்டிமீட்டராவது விட்டுப் போகவேண்டும். அழகுக்காக விற்கும் பல "ஸ்டைல் பார்"கள் இதிலேயே தோற்றுவிடும். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பின்னால் வெறும் இரும்புக் குழாய் இருப்பதும் ஆபத்துதான். ரேஸ் கார்களுக்கான கெட்டி ஃபோம் சுற்றியே ஆகவேண்டும். தண்ணிக் குழாய்க்குச் சுற்றும் பஞ்சு எதற்கும் உதவாது.

பெல்ட்டில் முதலில் நாலு முனை ஹார்னெஸ் (இரு தோளையும் இடுப்பையும் சீட்டோடு இறுக்கும் ரேஸ் பெல்ட்) போட்டுப் பார்த்தேன். சந்திப்புகளில் எட்டிப் பார்க்க முடியவில்லை, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் குமிழும் எட்டவில்லை. தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை இல்லாததால், மோதலில் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறும் அபாயமும் உண்டு. கழற்றிவிட்டு மூன்று முனை இனர்ஷியா ரீல் பெல்ட்டுக்கு (மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென இழுத்தால் பூட்டிக்கொள்ளும் ரகம்) மாறினேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரீலைச் சாய்வாகப் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். இழுக்கவே விடாமல் பூட்டிக்கொண்டது. அதன் கோணம் தயாரிப்பாளர் சொன்னபடி இருந்தால்தான் வேலை செய்யும்.

அப்புறம், எல்லோரும் மறப்பது பெட்ரோல் பம்ப். எம்ஜிபியில் இருக்கும் எஸ்யூ நிறுவனப் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. விபத்தில் எஞ்சின் நின்றாலும், இக்னிஷன் ஆனில் இருக்கும்வரை குழாய் உடைந்த இடத்தில் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மோதியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சை அதன் வயரில் சேர்த்தேன். செலவு சொற்பம், ஒரு மதிய வேலை. ஹெட்ரெஸ்டுக்கு அடுத்து நான் சொல்வது இதைத்தான். ரோல் பார் மூன்றாவது.

மாற்றங்களை எல்லாம் இன்ஷூரன்ஸுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.